பச்சைக் குழாய் பெட்ரோலும் பிரேக் அக்காவும்

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய வெள்ளைக் கார், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, வாசலில் ஒரு போர்டு, அவ்வளவுதான். காரில் அவர் உட்காரும் சீட்டின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்யலாமா என்று யோசிக்கும்போதே அவர் அதை மிதித்துவிடுவார். இந்தப் பழக்கம் காரைவிட்டு இறங்கினாலும் விடாது. ஒருமுறை பல் டாக்டர் டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு குனிய, அக்கா நாற்காலியில் படுத்தபடியே காலை ஓங்கி மிதித்தார். டாக்டரின் ஸ்டூல் உருண்டு, டாக்டர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். அவரிடம் படித்து மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கியவன். அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, டெஸ்ட் கொடுத்த பேக்கரிக்காரம்மா சொன்னது.

அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கீழே தெருப்பக்கத்து அறையில் சலூன் வைத்திருக்கிறார். மூன்று நாற்காலி, இரண்டு கண்ணாடி. தங்கமான மனிதர், ஆனால் எதையும் வீணாக விடமாட்டார். தீர்ந்துபோன பற்பசை டியூபை சவரக்கத்தியால் நெடுக்காகப் பிளந்து இன்னும் நாலு நாள் ஓட்டுவார். அவருடைய தம்பிதான் முக்குரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் சூப்பர்வைசர். பதினாறு வருடமாக அங்கேதான்.

ஒருநாள் காலை டீ குடிக்கிற நேரத்தில் அந்தத் தம்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"அண்ணி, பங்க்ல புதுசா பச்சைக் குழாய் போட்டிருக்கோம். எத்தனால் பெட்ரோல். நூறுல எண்பத்தஞ்சு பங்கு எத்தனால், மிச்சம்தான் பெட்ரோல். நாலு லிட்டர் பெட்ரோலுக்குக் கொடுக்குற காசுல இது அஞ்சு லிட்டர் வரும். ஒரு லிட்டர் சும்மா!"

"சும்மா கொடுக்குற அளவுக்கு உங்க முதலாளி எப்போ திருந்தினாரு தம்பி?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. கரும்புல இருந்தும் சோளத்துல இருந்தும் எடுக்குறது. புகை கம்மி. சுத்தமான சரக்கு."

"சரக்குதான், நீங்களே சொல்லிட்டீங்க. சாராயத்தை ஊத்தினா என் வண்டி நேரா ஓடுமா?"

அக்கா சிரித்துவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் 'ஒரு லிட்டர் சும்மா' என்ற சொல் அவருடைய வீட்டுக்காரர் காதில் விழுந்து, மனதில் இறங்கி, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டில் அதே பேச்சு. மாலையில் அதே பேச்சு. மூன்றாம் நாள் அக்கா மறுத்து மறுத்து வாய் வலித்துப் போய், "சரி சாமி, போட்டுத் தொலைக்கிறேன்" என்றார்.

அந்தப் பச்சைக் குழாயின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'இந்த எரிபொருளுக்கென்றே தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும்' என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அதை மறைத்து, அதன்மேலேயே 'இருபது லிட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி இலவசம்' என்று இன்னொரு போஸ்டரை ஒட்டியவர் வேறு யாருமில்லை, அந்தத் தம்பிதான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாளி விஷயம் பெரிய எழுத்தில் இருந்தது, ஒட்டுவதற்கு வேறு இடம் இல்லை.

அக்காவின் காருக்கு அப்போது பத்தொன்பது வயது.

முதல் வாரம் வீடே குதூகலமாக இருந்தது. இரண்டு வாளி வந்துசேர்ந்தது. சலூனில் நுரை தடவிய முகங்களுக்கெல்லாம் அண்ணன் இலவச லிட்டரைப் பற்றிப் பாடம் எடுத்தார். நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எதிர்த்துப் பேச முடியாதல்லவா, அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றியது.

இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் எனக்கு அலாரம் தேவைப்படவில்லை. ஆறரை மணிக்குக் கீழே கார் இருமத் தொடங்கும். கிர்ர்... கிர்ர்... கிர்ர். பனி விழும் மாதம் வேறு. நாலு தடவை இருமி, ஒரு தடவை விக்கி, அப்புறம்தான் உயிர் வரும். உயிர் வந்தாலும் தெருமுனையில் ஒருதடவை அணைந்துபோகும்.

அணைந்தால் பழி யார்மேல் விழும்? ஓட்டுகிறவர் மேல்தான். அதிலும் முக்கியமாக பேக்கரிக்காரம்மா மேல்.

பேக்கரிக்காரம்மா ஐந்து முறை டெஸ்ட் கொடுத்து ஐந்து முறையும் தோற்றவர். ஐந்திலும் ஒரே காரணம்: கிளட்ச்சைப் படாரென்று விட்டு வண்டியை அணைத்துவிடுவார். தினமும் முப்பது கிலோ மாவு பிசைகிற உடம்பு. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது ரொட்டியாகிவிடுமோ என்று பயமாக இருக்கும்.

"மாவை அமுக்குற மாதிரி இல்லம்மா கிளட்ச்சு," என்பார் அக்கா. "குழந்தை உங்க கைமேல தலைவெச்சுத் தூங்குது. அது முழிக்காம கையை உருவணும். அப்படி எடுங்க காலை."

பேக்கரிக்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே எடுப்பார். அப்படியும் கார் அணைந்துபோகும்.

"குழந்தை முழிச்சிருச்சு அக்கா," என்பார் பாவமாக.

"மறுபடியும் தூங்க வைங்க."

ஒரு மணி நேரப் பாடத்தில் அந்தக் குழந்தை பதினைந்து தடவை முழித்தது. அக்காவும் விடவில்லை. மேட்டில், வளைவில், லாரிக்கு முன்னால், லாரிக்குப் பின்னால் என்று அணைந்த வண்டியை எப்படிப் பதறாமல் கிளப்புவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். வேறு வழியும் இல்லை, வீட்டுக்குத் திரும்பியாக வேண்டுமே.

இதற்கு நடுவில் காருக்குள் ஒரு வாடை. பெட்ரோல் வாடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது வேறு. இனிப்பாக, மூக்கை உறுத்துகிற மாதிரி, ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சில் தடவுவார்களே, அந்த மாதிரி. பேக்கரிக்காரம்மாவுக்கு மூக்கு கூர்மை. அடுப்பில் ரொட்டி கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்பே தெரிந்துகொள்கிற மூக்கு. அவர் இரண்டு நாள் மோந்துபார்த்தார். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். தெருவில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம். ஆனால் அதைச் சொன்ன இடம் காலை ஏழு மணிக்கு பேக்கரி கவுண்டர்.

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது: பிரேக் அக்கா காலையிலேயே ஊற்றிக்கொள்கிறார்.

இரண்டு பேர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் தலைவலி என்றார், இன்னொருவர் பஸ்ஸே போதும் என்றார். செய்தி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அக்காவின் வீட்டுக்காரருக்கு. சவரம் செய்துகொள்ள வந்த ஒரு புது வாடிக்கையாளர், ஊர் வம்பு பேசுகிற குஷியில், "இந்தத் தெருவுல டிரைவிங் சொல்லித்தர்ற ஒரு அம்மா நல்லா தண்ணி போடுமாமே?" என்றார். அண்ணனின் கை அப்படியே நின்றது. கத்தி அந்த மனிதரின் தொண்டையில் இருந்தது. எதிரே கண்ணாடிக்கு மேலே அண்ணனும் அக்காவும் ஜோடியாக எடுத்த போட்டோ மாட்டியிருந்தது. அந்த ஆள் போட்டோவைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். அதற்கப்புறம் கடைசிவரை எச்சில்கூட விழுங்கவில்லை.

அன்று மாலை அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். வேட்டையாடப் போகிறவர் மாதிரி மெதுவாக.

"கொஞ்சம் ஊது பார்க்கலாம்."

"என்னது?"

"சும்மா... உனக்குப் பல்லுல ஏதோ பிரச்சினைன்னு சொன்னியே."

அக்காவுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. "இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு என்னை ஊதச் சொல்றீங்களா? இந்த வீட்டுல யாருக்காவது போதை ஏறியிருக்குன்னா அது உங்களுக்குத்தான். அந்த ஒரு லிட்டர் போதை!"

மாடியில் எனக்கு எல்லாமே கேட்டது. அதுவரை சேர்ந்த வாளிகளெல்லாம் வாசலுக்கு வெளியே போயின.

பேக்கரிக்காரம்மாவின் ஆறாவது டெஸ்ட் அடுத்த வியாழக்கிழமை. இனி அவர் சொன்னது.

லைசென்ஸ் ஆபீசுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போது கார் நாற்சந்தி நடுவில் நின்றது. இந்தமுறை இருமல்கூட இல்லை, ஒரேயடியாக மௌனம். அக்கா இறங்கி பானெட்டைத் திறந்தார். எரிபொருள் வருகிற ரப்பர் குழாய் சாப்பிட்ட பாம்பு மாதிரி உப்பிப்போய், இணைப்பில் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அக்கா இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கைக்குட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கை, சட்டைக்கை, எல்லாம் நனைந்தது. பதினோராவது கிர்ரில் கார் கிளம்பியது.

ஆபீஸ் மைதானத்தில் புது இன்ஸ்பெக்டர். மீசையைக்கூட ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் இருக்கிறவர். காரிடம் வந்து ஜன்னலில் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"யாரு குடிச்சிருக்கிறது?"

பேக்கரிக்காரம்மாவின் கண் தானாக அக்கா பக்கம் போனது. அதற்காக அவர் இன்றுவரை வருத்தப்படுகிறார்.

இன்ஸ்பெக்டர் தன் அறையிலிருந்து ஊதிப்பார்க்கிற கருவியைக் கொண்டுவந்தார். "ஊதுங்கம்மா."

"சார், இருபத்திரண்டு வருஷமா இந்த மைதானத்துக்கு வர்றேன்."

"அப்போ இருபத்திமூணாவது வருஷமா ஊதுங்க."

அக்கா கருவியைக் கையில் வாங்கி வாயருகே வைத்து ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்து, கருவி காது கிழிகிற மாதிரி கத்தியது. டெஸ்ட்டுக்காக வரிசையில் நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு. இந்த மெஷின் தப்பு," என்றார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"அப்போ நீங்க ஊதுங்க சார். நீங்க குடிக்காதவர்தானே?"

வரிசையில் யாரோ "ஊதுங்க சார்!" என்று குரல் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் சிவந்துபோனார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. அக்காவின் ஈரக் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி, வாய்ப்பகுதியை மட்டும் மாற்றி, நெஞ்சை நிமிர்த்தி ஊதினார்.

கருவி முன்னைவிடப் பலமாகக் கத்தியது.

மைதானத்தில் கிளம்பிய சிரிப்பில் பக்கத்து ஆபீஸ் ஜன்னல்களெல்லாம் திறந்தன. இன்ஸ்பெக்டர் கருவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கையை மோந்தார். பிறகு காரின் முன்பக்கம் போய், யாரும் ஊதாமலே கருவியை பானெட் இடுக்கில் நீட்டினார். அது அங்கேயும் கத்தியது.

"குடிச்சிருக்கிறது கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "என்னம்மா ஊத்துறீங்க இதுக்கு?"

"பச்சைக் குழாய்."

அவர் முகம் மாறிவிட்டது. "எல்லாரும் பத்தடி தள்ளிப் போங்க. அந்த சிகரெட்காரர், அணைங்க அதை! இன்னும் தூரம்!" மண் வாளிகள் வந்தன. "பெட்ரோல் கசிஞ்சாலும் ஆபத்துதான்மா, அது இன்னும் சீக்கிரம் பத்திக்கும். ஆனா அது எரிஞ்சா மஞ்சளா, புகையா, எல்லாருக்கும் தெரியும். இதுல நெருப்பு வெளிறி இருக்கும். இந்த வெயில்ல பக்கத்துல போறவரைக்கும் சரியாத் தெரியாது. இதுல உட்கார்ந்துகிட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தோற்றுப்போன மாணவர்கள் எத்தனையோ பேரை உட்கார வைத்துத் தேற்றிய அதே பெஞ்சில் அக்கா போய் உட்கார்ந்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, மரத்தடியில் நின்று மறுபடி ஊதினார். பூஜ்யம். இன்ஸ்பெக்டரும் கை கழுவிவிட்டு வந்து ஊதினார். பூஜ்யம். அவர் அந்த எண்ணை வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் நடந்துபோய்க் காட்டினார்.

பேக்கரிக்காரம்மாவின் டெஸ்ட் ஆபீஸ் காரில் நடந்தது. சாதாரணப் பெட்ரோலில் ஓடுகிற சாதாரணக் கார். ஆறு வாரமாக விக்குகிற வண்டியைத் தாஜா செய்து பழகிய கால் அது. ஆபீஸ் கார் அவருக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். குழந்தை முழிக்கவேயில்லை. "இவ்வளவு பதமா கிளட்ச் விடுறவங்க அஞ்சு தடவை ஏன் ஃபெயில் ஆனீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். பேக்கரிக்காரம்மா ஸ்டியரிங்கிலேயே தலைவைத்து அழுதுவிட்டார். ஹாரன் அடித்தது. அதற்காக மார்க் குறைக்கவில்லை.

அக்காவின் கார் இழுவை வண்டியில் மெக்கானிக்கிடம் போனது. அங்கே நானும் போயிருந்தேன். மெக்கானிக் ஃபில்டரை எடுத்துத் தட்டினார். கறுப்புச் சேறாகக் கொட்டியது.

"பத்தொன்பது வருஷத்து அழுக்குக்கா. எத்தனால் உங்க டேங்க்கை நல்லாக் கழுவி விட்டிருக்கு. கழுவின அழுக்கை எல்லாம் இங்க கொண்டுவந்து சேர்த்திருக்கு. ரப்பர் எல்லாம் ஊறிப்போச்சு. இதுக்குன்னு செஞ்ச வண்டியில இந்தத் தொல்லை எதுவும் இருக்காது. குழாய் மேலயே ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்களே, பார்க்கலையா? இது பாவம், பெட்ரோலுக்குன்னு பிறந்தது."

குழாய், ஃபில்டர், பம்ப் எல்லாம் மாற்றியதில் இரண்டு பேருக்கு லைசென்ஸ் எடுத்துக்கொடுக்கிற கட்டணம் அப்படியே போனது. அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஆனாலும் ஏழு வாரம் மிச்சம் பிடிச்சோமே, அதைக் கழிச்சுக்கலாம்ல?" என்றார்.

அக்கா அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நோட்டை எடுத்தார். வகுப்புக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினமும் எழுதுகிற நோட்டு அது. அன்று மாலை கொழுந்தனையும் வரச்சொன்னார். வரும்போது பச்சைக் குழாயில் வாளி போஸ்டரைக் கிழித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வரச்சொன்னார். அவர் படித்துவிட்டுத்தான் வந்தார். வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பெட்ரோல்ல இந்த வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடிச்சு. நாலு லிட்டருக்கு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு அண்ணி."

"உங்க பச்சைக் குழாய்ல லிட்டருக்குப் பத்துதான். அஞ்சு லிட்டருக்கு?"

"ஐம்பது."

"காசு ஒண்ணுதான். அப்போ அந்த சும்மா வந்த லிட்டர், போகும்போது எங்க கிட்ட இருந்து ஆறு கிலோமீட்டரையும் தூக்கிட்டுப் போயிருக்கு. சரியா?"

"விலை இன்னும் கொஞ்சம் இறங்கினா..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"இறங்கட்டும். பெட்ரோல் விலையில பத்துல ஏழு பங்குக்குக் கீழ வந்தா சொல்லுங்க. அதுவும் அதுக்குன்னு செஞ்ச வண்டியா இருந்தா மட்டும்."

பச்சைக் குழாயின் ஸ்டிக்கர் மறுநாளே ஆள் உயரத்துக்குப் பெரிதானது. அண்ணன் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தானே தோசை ஊற்றினார், மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் கேட்கிற மன்னிப்பு அது.

வதந்தியைத் துடைக்கிற வேலையைப் பேக்கரிக்காரம்மா தானாகவே ஏற்றுக்கொண்டார். ஒரு பெரிய கேக் செய்து, அதன்மேல் சிவப்பு கிரீமில் 'அக்கா குடிக்கவில்லை' என்று எழுதி, கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவரை விஷயமே தெரியாமல் இருந்த மற்ற நாலு தெருக்காரர்களும் பன் வாங்க வந்த இடத்தில், "ஏன், முன்னாடி குடிச்சாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் அக்கா நேரில் போய், கேக்கை முழு விலை கொடுத்து வாங்கி, அங்கேயே வெட்டிக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எனக்கு 'குடி' கிடைத்தது. எஞ்சியதை மெக்கானிக் சாப்பிட்டார்.

நின்றுபோன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கூடவே புதிதாக ஏழு பேர். ஆறு தடவை டெஸ்ட் கொடுத்தவரையே தேற்றியவர் என்று பேர் பரவிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அக்கா இரண்டு எரிபொருளிலும் ஓடுகிற ஒரு புது வண்டி வாங்கினார். பங்க்கில் அவர் விலைப்பலகையைப் பார்த்து உதடு அசைய ஒரு பெருக்கல் போடுவார். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் எந்தக் குழாய்க்குக் கை காட்டுகிறாரோ, அன்று அவர்களில் பாதிப்பேருக்கும் அதே குழாய். மீதிப்பேரின் வண்டிகளைப் பார்த்து அவரே, "உங்களுது பழசுங்க, பெட்ரோலே போடுங்க" என்று அதட்டுவார்.

புது வண்டி வந்த அன்று கொழுந்தனும் பார்க்க வந்திருந்தார். சுற்றிச்சுற்றி வந்து தடவிப் பார்த்தார். அக்கா சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி" என்றார். அவர் சாவியை வாங்கவில்லை. தலையைச் சொறிந்தார். பதினெட்டு வருடமாக ஊரில் உள்ள அத்தனை வண்டிக்கும் ஊற்றுகிற மனிதர், வேலைக்கு சைக்கிளில்தான் போவார் என்பதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

"ஏறுங்க," என்றார் அக்கா.

டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, தானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். அண்ணன் சலூன் வாசலில் கத்தரிக்கோலோடு நின்று பார்த்தார். பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரும் எழுந்து வந்துவிட்டார். கொழுந்தன் குனிந்து காலடியில் இருந்த பெடல்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல எது எதுன்னு முதல்ல சொல்லிடுங்க."